தன் முகத்தைத் திரும்பக் கேட்டவள்

வீட்டில் அவள் சின்னவள். நாற்பதைத் தாண்டி, முன்நெற்றியில் ஒரு கொத்து முடி நரைத்த பிறகும் அக்காவுக்கு அவள் சின்னவள்தான். வெளியே குழாய்க்கார அக்கா. இரண்டு பெயரில் எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பாள். மூன்றாவதாக ஒரு பெயர் அடையாள அட்டையில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கட்டடம் கட்டுகிற இடத்தில் செங்கல் சுமக்கப் போனவள், பைப் போடுகிற கோஷ்டியில் ஆள் குறைந்த ஒரு நாள் ரெஞ்சைக் கையில் வாங்கினாள். அதற்குப் பிறகு செங்கல் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. மெலிந்த உடம்பு. பெரிய ஆட்கள் தலையை மட்டும் நுழைத்து முனகுகிற சிங்குக்கு அடியில் இவள் தோள்வரை போய்விடுவாள். அவளுக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் மணியை அடித்துவிட்டு இரண்டு எட்டு பின்னால் போய் நிற்பாள். கதவில் இருக்கும் சின்னக் கண்ணாடித் துளை வழியாக உள்ளே இருப்பவர் தன்னைத் தலை முதல் கால் வரை பார்க்கட்டும், பார்த்து மனசு சமாதானமான பிறகு திறக்கட்டும் என்று. தனியாக இருக்கும் பெண்களுக்கு இந்த இரண்டு எட்டு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அவளாகவே தெரிந்துகொண்டது.

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஆன்லைன் கம்பெனி ஒன்றில் சில வருஷம் இருந்தாள். ஆப்பில் அழைப்பு வரும், இவள் போவாள், முடித்ததும் வீட்டுக்காரர்கள் நட்சத்திரம் போடுவார்கள். ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாக, அந்த ஏரியாவிலேயே அவளுக்குத்தான் அதிக நட்சத்திரம். பிறகு கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு அடைப்புக்கும் இத்தனை நிமிஷம் என்று கணக்கு வைத்தார்கள். நேரம் தாண்டினால் போன் கீச்சுக் கீச்சென்று கத்தும். ஒரு நாள் கழிவுக் குழாய்க்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தபோது அது கத்த ஆரம்பித்தது. வேலையை ஒழுங்காக முடித்தாள், கையைக் கழுவினாள், படிக்கட்டில் உட்கார்ந்து ஆப்பை விரலால் அழுத்திக் குப்பைத்தொட்டிப் படத்தில் போட்டாள். விட்டது சனியன் என்று எழுந்தாள். அன்றிலிருந்து சொந்தமாகத்தான் வேலை.

கம்பெனியை அதோடு தலைமுழுகிவிட்டதாகத்தான் அவள் நினைத்திருந்தாள், டீச்சரம்மாவைப் படிக்கட்டில் பார்க்கும்வரை.

டீச்சரம்மா ஓய்வு பெற்றவர், மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறவர். சின்னவள் கம்பெனியில் இருந்த காலத்தில் அவர் வீட்டுக்கு இரண்டு மூன்று தடவை போயிருக்கிறாள். அன்று அதே கட்டடத்தில் வேறொரு வீட்டு வேலைக்காக ஏறிக்கொண்டிருந்தாள். எதிரே இறங்கிய டீச்சரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சின்னவள் நின்று, என்ன டீச்சர், கோபமா என்று கேட்டாள்.

"உன் மூஞ்சியைப் பார்த்துத்தானேம்மா கதவைத் திறந்தேன். எவனையோ அனுப்பிவிட்டியே."

சின்னவளுக்கு ஒன்றும் புரியவில்லை. டீச்சரம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார். போன வாரம் குளியலறைக் குழாய் ஒழுகியது. ஆப்பில் இவள் படத்தைப் பார்த்து, இவளேதான் வேண்டும் என்று பதிவு செய்தார். குழாய்க்கார அக்கா கிளம்பிவிட்டார், வந்துகொண்டிருக்கிறார், வாசலில் இருக்கிறார் என்று செய்தி மேல் செய்தி. மணி அடித்ததும் துளையில்கூடப் பார்க்காமல் கதவைத் திறந்தார். வாட்டசாட்டமான ஓர் ஆண் பையோடு நேராக உள்ளே வந்துவிட்டான். அந்த அக்கா இன்னைக்கு லீவு என்றானாம்.

"அவன் ஒண்ணும் பண்ணலை. பொய் சொல்லக் கூடாது, நல்லாத்தான் வேலை செஞ்சான். ஆனா அவன் போற வரைக்கும் நான் வாசக்கதவைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். என் வீட்ல, எனக்கு உட்காரத் தோணலை."

சின்னவள் அந்தப் போனை வாங்கிப் பார்த்தாள். கம்பெனித் தொப்பியோடு அவள்தான் சிரித்துக்கொண்டிருந்தாள். படம் எடுத்த அன்று அக்கா பின்னால் நின்று ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்தது. படத்துக்குக் கீழே நட்சத்திரங்கள். அதற்கும் கீழே, தனியாக இருக்கும் பெண்களின் முதல் தேர்வு என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தார்கள். அவள் வேலையை விட்டு வருஷம் ஒன்றாகப் போகிறது.

தான் அனுப்பவில்லை என்று டீச்சரம்மாவிடம் சொன்னாள். சொன்னால் மட்டும் போதாது என்பது சொல்லும்போதே தெரிந்தது. எத்தனை கதவு, எத்தனை பேர் இப்படித் திறந்திருப்பார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அக்காவிடம் சொன்னாள். அக்கா ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் போர்வை மடிக்கிறவள். மூலைக்கு மூலை சேராவிட்டால் உதறிப்போட்டு மறுபடி மடிப்பாள். படித்தது எட்டாவது வரைக்கும்தான், ஆனால் எழுத்து இருக்கிற எதையும் படிக்காமல் விடமாட்டாள், சோப்பு உறை உட்பட. முழுக்கக் கேட்டுவிட்டு, கணக்கை ஒழுங்காக மூடினாயா என்று கேட்டாள். ஆப்பைத் தூக்கிக் குப்பையில் போட்டேனே என்றாள் சின்னவள்.

"நீ போட்டது உன் போன்ல இருந்த ஆப்பைடி. உன் கணக்கு அவங்க வீட்ல இருக்கு. வாடகை வீட்டுச் சாவியைத் தூக்கிப் போட்டா சாமான் தானா வெளிய வந்துருமா?"

ஆப்பைத் திரும்ப இறக்கினார்கள். கடவுச்சொல் பிரச்சினை இல்லை. அந்தக் குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல்தான். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். கணக்கைத் தற்காலிகமாக நிறுத்து என்பது கட்டைவிரல் அகலத்துக்கு நீலத்தில் இருந்தது. நிரந்தரமாக நீக்கு என்பது அடியிலும் அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி. அதற்கு மேலே, உங்கள் தகவல்களின் நகலைப் பெறுக என்று இன்னொன்று. முதலில் நகலை வாங்கு, பிறகு நீக்கு என்றாள் அக்கா. எது இருந்தது என்று தெரியாமல் எது போனது என்று எப்படித் தெரியும் என்பது அவள் கணக்கு.

எதை அழுத்தினாலும், பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது ஆப். சின்னவளின் போனுக்கு எதுவும் வரவில்லை. பிறகுதான் உறைத்தது. அந்தக் குடும்பத்தில் முதலில் போன் வாங்கியது அக்கா. அம்மா இருந்த காலம் அது. ஆளுக்கொரு நம்பர் என்றால் ஆளுக்கொரு தொல்லை என்பது அம்மாவின் கட்சி. அதனால் மின்சாரம், கேஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு, சின்னவளின் வேலை எல்லாமே அக்காவின் நம்பரில். சலவைப் பிரிவு தரைக்குக் கீழே இருந்தது. அந்த நம்பருக்கு அங்கே சிக்னல் கிடைக்கவில்லை என்று அக்கா வேறு நம்பருக்கு மாறினாள். மாறும்போது ஒன்றுவிடாமல் எல்லா இடத்திலும் திருத்தினாள். கம்பெனி ஆப் மட்டும் சின்னவளின் போனில் இருந்தது. அதனால் அதில் பழைய நம்பரே நின்றுவிட்டது.

பழைய நம்பருக்கு சின்னவளே போட்டாள். ஒரு ஆண் குரல் எடுத்தது. பின்னால் யாரோ கியர் மாற்றத் தெரியாமல் வண்டியைக் கத்தவிட்டுக்கொண்டிருந்தார்கள். இவள், குழாய் வேலை விஷயமாக என்று ஆரம்பிப்பதற்குள், அந்தக் குரல் முடித்துவிட்டது.

"அந்தம்மா தவறிட்டாங்க. வைங்க போனை."

"எந்தம்மா?"

"குழாய் ரிப்பேர் பண்ற அம்மா. போன வருஷமே தவறிட்டாங்க."

"நான்தாங்க அது."

பின்னால் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்ற சத்தம் கேட்டது.

"அப்படின்னா நம்பரை மாத்திட்டுத் தவறியிருக்கலாம்ல?"

அவர் கார் ஓட்டச் சொல்லித்தருகிற மாஸ்டர். பழைய பில்களில் அச்சாகியிருந்த நம்பரைப் பார்த்து, அடைப்பு, ஒழுகல், மோட்டார் ஓடவில்லை என்று நாள் தவறாமல் யாராவது கூப்பிட்டிருக்கிறார்கள். ராங் நம்பர் என்றால் நம்பாமல் மறுபடி கூப்பிட்டார்கள். ஒரு நாள் எரிச்சலில் அந்தம்மா தவறிவிட்டார் என்று சொல்லிப் பார்த்தார். உடனே போனை வைத்தார்கள், சிலர் வருத்தமும் தெரிவித்தார்கள். நல்ல வழியாக இருக்கிறதே என்று அப்படியே வைத்துக்கொண்டார். ஓடிபியைச் சொல்ல முடியுமா என்று சின்னவள் கேட்டாள். அவர் முடியாது என்றார். யாருக்கும் சொல்லாதே என்று அதிலேயே எழுதியிருக்கிறது, செத்தவர் கேட்டாலும் சொல்லமாட்டேன் என்றார். சொன்ன விதம் சின்னவளுக்குப் பிடித்துப்போயிற்று. சரியான ஆள்தான், நேரில் போவோம் என்றாள்.

மறுநாள் அக்காவும் தங்கையும் பயிற்சி மைதானத்துக்குப் போனார்கள். மாஸ்டர், வகுப்பு நேரம், பின்னால் ஏறுங்கள் என்றார். ஓட்டுகிற இடத்தில் ஐம்பது வயது அம்மா ஒருவர் ஸ்டீயரிங்கைக் குழந்தையைப் பிடிப்பது போல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தார். வண்டி ரிவர்ஸில் போய்க்கொண்டிருந்தது. சின்னவள் போனை நீட்டி, தன் படத்தைக் காட்டினாள். மாஸ்டர் படத்தைப் பார்த்தார், கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

"படத்துல சிரிக்கிறீங்க. இப்ப கடுகடுன்னு இருக்கீங்க. சிரிச்சாத்தான் நீங்கன்னு தெரியும்."

சிரிக்கிற நிலைமையிலா இருந்தாள். அக்கா காதோரம் குனிந்து, உன் சாவுக்கு வந்த துக்கமெல்லாம் இவர்கிட்டதாண்டி இருக்கு, கணக்குக் கேட்டு வாங்கு என்றாள். சின்னவள் சிரித்துவிட்டாள். அவள்தான் என்று மாஸ்டர் ஒப்புக்கொண்டார். ஆனாலும் ஓடிபியை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் போனை வாங்கி, தன் போனில் வந்த எண்ணைப் பார்த்துத் தானே ஒவ்வொன்றாக அழுத்தினார். அதற்குள் வண்டி ஒரு கம்பத்தை நோக்கிப் போனது. தன் பக்கத்து பிரேக்கை மிதித்துக்கொண்டே கடைசி எண்ணைப் போட்டார். ஓட்டிய அம்மா, எனக்கும் இந்த ஆப்பிலிருந்து தினமும் செய்தி வருகிறது, எனக்கும் எடுத்துவிடுவீர்களா என்று கேட்டார். முதலில் நேராகப் பாருங்கள் என்றார் மாஸ்டர்.

நகல் சற்று நேரத்தில் வந்தது. போன வீடுகள், நின்ற தெருக்கள், எந்த முக்கில் எவ்வளவு நேரம் டீ குடித்தாள், யாரிடம் போனில் என்ன பேசினாள் என்கிற ஒலிப்பதிவு வரைக்கும் எல்லாம் அதில் இருந்தது.

"உன் புருஷனுக்குக்கூட இவ்வளவு தெரியாதுடி" என்றாள் அக்கா.

"அவருக்கு நான் எந்தத் தெருவுல வேலை பாக்கறேன்னே தெரியாது" என்றாள் சின்னவள். புருஷன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் சாலையில்.

அடுத்த ஓடிபியில் நீக்கு என்பதை அழுத்தினார்கள். காரணம் கேட்டது. வருமானம் போதவில்லை, நேரம் ஒத்துவரவில்லை, ஆப் மெதுவாக இருக்கிறது என்று வரிசையாகக் கொடுத்திருந்தார்கள். அவளுடைய காரணம் அதில் எங்கேயும் இல்லை. மற்றவை என்பதை அழுத்தி, என் முகத்தை வைத்துப் பெண்களை ஏமாற்றுகிறீர்கள் என்று எழுதினாள். கோரிக்கை ஏற்கப்பட்டது, ஒரு மாதத்தில் கணக்கு நீக்கப்படும், அதற்குள் நீங்கள் உள்நுழைந்தால் கோரிக்கை ரத்தாகும் என்று பதில் வந்தது. அக்கா அதை இரண்டு தடவை படித்தாள்.

ஒரு மாதம் வரைக்கும் அவள் முகம் அங்கேயே சிரித்துக்கொண்டிருக்கும். சின்னவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. கம்பெனியின் ஏரியா மேனேஜருக்குப் போன் செய்தாள். அவன் இளைஞன், அவளுக்கு நன்றாகத் தெரிந்தவன். சௌகரியமாக இருக்கும்போது அக்கா என்பான், இல்லாதபோது மேடம் என்பான். அன்று அக்காவில் ஆரம்பித்தான். ஆயிரத்துக்கு மேலே பாராட்டு இருக்கிறதே அக்கா, எல்லாம் போய்விடும், நாளைக்கு யார் உங்களை நம்புவார்கள் என்றான். படத்தை இன்றைக்கே எடுக்கச் சொன்னாள். எடுக்கிற பொத்தான் தன்னிடம் இல்லை, எல்லாம் தானாக நடப்பது, மாதம் முடிந்தால் போய்விடும் என்றான். இதற்குள் இன்னொரு பெண் கதவைத் திறந்தால் யார் பொறுப்பு என்று கேட்டாள்.

"நாங்க அனுப்பற ஆளுங்க யாரும் தப்பானவங்க இல்லை மேடம்."

"தப்பானவங்கன்னு நான் சொல்லலை. ஆம்பளையை அனுப்பறதுன்னா ஆம்பளை மூஞ்சியைக் காட்டி அனுப்புங்க. எதுக்கு என் மூஞ்சி?"

உங்களால் முடிந்ததைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டான்.

பார்த்துக்கொண்டாள். நகல் எடுக்கிற கடைக்குப் போய் தன் படத்தை அரைத்தாள் அளவுக்குப் பெரிதாக்கினாள். கீழே அக்கா சொல்லச் சொல்லக் கடைக்காரர் அடித்துக் கொடுத்தார்: இந்தப் பெண் அந்தக் கம்பெனியில் இல்லை. இவர் படத்தைக் காட்டி யார் வந்தாலும் கதவைத் திறக்காதீர்கள். கண்டிப்பாகத் துளையில் பாருங்கள். கண்டிப்பாக என்ற சொல் வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டதற்கு, வேண்டும் என்று அக்கா கண்டிப்பாகச் சொன்னாள். அவள் முன்பு வேலைபார்த்த ஒவ்வொரு அடுக்குமாடியிலும் காவலாளியிடம் கேட்டு, லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். ஒரு காவலாளி, போலீஸ் தேடுகிறதா என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மூஞ்சி வெளியில வேண்டாம்னு சொல்லிட்டு ஊரெல்லாம் ஒட்டறியே" என்றாள் அக்கா, பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டு.

"இதை நான் ஒட்டறேன்க்கா. ஒட்டினது நான், கிழிக்கறதும் நான். அங்க அப்படியா?"

அக்கா, சாய்ந்திருந்த ஒரு மூலையை மட்டம் பார்த்து ஒட்டினாள்.

வேலை அந்த மாதம் மந்தமாகத்தான் இருந்தது. கம்பெனியிலிருந்து சின்னவளுக்குச் செய்தி வந்தபடி இருந்தது. உங்களை மிஸ் செய்கிறோம், ஒரே தொடுதலில் திரும்பி வாருங்கள் என்று. அவள் படிக்காமல் தள்ளிவிட்டாள். ஆனால் ஒழுங்கான ஆள் ஒருத்தி வீட்டில் இருந்தாளே. அக்காவுக்கு ஒரு கதவைப் பூட்டினால் இழுத்துப் பார்க்காமல் தூக்கம் வராது. மாதம் முடிய இன்னும் சில நாளே இருக்கும்போது, கணக்கு நிஜமாகவே போய்க்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று நினைத்தாள். பார்ப்பதற்கு உள்ளே போனாள். உள்ளே போனதும் பட்டாசுப் படம் வெடித்து, மீண்டும் வருக என்றது.

இரண்டு தடவை படித்தவளுக்கே இப்படி ஆயிற்று. அக்கா சலவை அறையிலிருந்து நேராக வந்து, கையைக்கூடத் துடைக்காமல் சொன்னாள். சின்னவள் கேட்டுக்கொண்டே செருப்பைப் போட்டுக்கொண்டாள். எங்கே என்றாள் அக்கா.

"மாஸ்டர்கிட்ட. மறுபடி சிரிச்சுக் காட்டணும்ல."

மாஸ்டர் இந்தத் தடவை முகத்தைச் சரிபார்க்கவில்லை. முதலில் நம்பரை மாற்றிக்கொள்ளுங்கள், அப்புறம் நீக்குங்கள், மாதாமாதம் உங்களுக்கு ஓடிபி போட நான் என்ன சம்பளக்காரனா என்றார். நம்பர் சின்னவளுடையதாக மாறியது. நீக்கு என்பது வந்தது. அழுத்துவதற்கு முன்னால் அவள் விரல் நின்றது. வீட்டுக்காரர்கள் எழுதிய பாராட்டுகள் நகலில் வரவில்லை. அவை எழுதியவர்களுக்குச் சொந்தம் என்று ஆப் சொல்லியிருந்தது. அழுத்தினால் அவள் பக்கத்திலிருந்து அவையும் போகும்.

காரின் பின் இருக்கையில் உட்கார்ந்து கொஞ்சம் படித்தாள். நல்ல வேலை, நேரத்துக்கு வந்தார், நிறையப் பேசுகிறார். நடுவில் ஒருத்தி எழுதியிருந்தாள்: இந்த அக்கா வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். எதுவும் கேட்கவில்லை. குழாயைச் சரிசெய்துவிட்டு, எனக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வீடு சின்னவளுக்கு ஞாபகம் இருந்தது. பச்சை நிறக் கதவு. சர்க்கரை டப்பாவைத் தேடியது.

மாஸ்டர் அவசரப்படுத்தவில்லை. அக்கா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தப் பாராட்டைக் காட்டித்தானே வேறு ஆளை அனுப்புகிறார்கள் என்று சின்னவள் யாரிடம் என்றில்லாமல் சொன்னாள். அழுத்திவிட்டாள்.

அடுத்த வாரம் டீச்சரம்மா வீட்டுச் சமையலறையில் சிங்குக்கு அடியில் மல்லாந்து கிடந்தபோது ஏரியா மேனேஜர் தேடிக்கொண்டு வந்தான். கீழே காவலாளியிடம் கேட்டு வந்திருக்கிறான். டீச்சரம்மா துளையில் நன்றாகப் பார்த்து, பெயர், வேலை எல்லாம் விசாரித்து, சங்கிலியை மாட்டியபடி கொஞ்சம் திறந்து, அப்புறம்தான் உள்ளே விட்டார். அவனுக்குத் தெரிந்தது சின்னவளின் இரண்டு கால்கள் மட்டும்.

அக்கா, இந்த நோட்டீஸை எல்லாம் எடுத்துவிடுங்கள் என்றான். எட்டு கட்டடத்தில் யாருமே புக் பண்ணுவதில்லையாம், மேலிடத்தில் அவன் கழுத்தைப் பிடிக்கிறார்களாம். சின்னவள் வெளியே வரவில்லை. ரெஞ்ச் ஒரு சுற்று திரும்புகிற சத்தம் கேட்டது.

"கொஞ்சம் வெளிய வாங்கக்கா. மூஞ்சியைப் பார்த்துப் பேசுங்களேன்."

"என் மூஞ்சி உங்ககிட்டதானே இருக்கு தம்பி. போனை எடுத்து அதைப் பார்த்துப் பேசுங்க."

டீச்சரம்மா அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அவன் அவரைப் பார்த்தான், கால்களைப் பார்த்தான். பிறகு, தன் பக்கத்திலிருந்தே இன்றைக்குள் முழுக்க நீக்கச் சொல்கிறேன் என்றான். போன தடவை அந்தப் பொத்தான் இல்லை என்றீர்களே என்று கால்கள் கேட்டன. மேலே பேசி வாங்கியிருக்கிறேன் என்றான். ஆனால் பில்கள் இருக்கும், வரிக் கணக்குக்காக அதைச் சில வருஷம் வைத்திருக்க வேண்டும், அது சட்டம் என்றான்.

"பில்லை வச்சுக்குங்க. நான் வேலை செஞ்சேன், காசு வாங்கினேன், அது உண்மை. படம், பேச்சு, போன இடம், நட்சத்திரம், அந்தப் பச்சை எழுத்து, அது ஒண்ணும் இருக்கக் கூடாது."

"சரி மேடம். நோட்டீஸை எப்ப எடுப்பீங்க?"

"முதல்ல அழிங்க. நான் பார்த்துக்கறேன். அப்புறம் எடுக்கறேன்."

ஆளை ஆள் நம்ப வேண்டாமா என்று அவன் ஏதோ ஆரம்பித்தான். அதைத்தாம்பா நானும் அன்னைக்கு வாசக்கதவைப் பிடிச்சுக்கிட்டு நினைச்சேன் என்றார் டீச்சரம்மா. அவன் போய்விட்டான்.

சாயங்காலம் செய்தி வந்தது. உங்கள் கணக்கும் அதைச் சார்ந்த தனிப்பட்ட தகவல்களும் நீக்கப்பட்டன. அக்கா அதைப் படித்தாள். ஆனால் பார்க்க உள்ளே போகவில்லை. இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டாள். டீச்சரம்மா தன் போனில் தேடிப் பார்த்து, உன் படம் வரவில்லை, பட்டியலில் நீ இல்லை என்று சொன்னார். சின்னவளுக்கு அதுவும் போதவில்லை. அவர்கள் வாயால் கேட்க வேண்டும் என்றாள். கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போட்டு, அக்காவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். கொஞ்ச நேரம் பாட்டு ஓடியது. பிறகு ஒரு பெண் வந்து வணக்கம் சொன்னாள்.

சின்னவள் தன் நம்பரைச் சொன்னாள், அக்காவின் பழைய நம்பரைச் சொன்னாள். அடையாள அட்டையில் இருக்கிற பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். குழாய் வேலை, அந்த ஏரியா என்றாள். விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது.

"பழைய பில் மட்டும்தான் காட்டுது மேடம். அப்படி ஆள் யாரும் எங்ககிட்ட இல்லீங்க."

"நல்லாப் பார்த்துச் சொல்லும்மா. போட்டோ?"

"போட்டோ வரலைங்க."

"பேசினது, போன இடம்?"

"எதுவும் இல்லீங்க மேடம். புதுசா சேரணும்னா நான் பதிவு பண்ணட்டுங்களா?"

"வேண்டாம். இன்னொரு தடவை மட்டும் சொல்லிடு."

இந்த மாதிரி ஒரு வாடிக்கையாளர் அந்தப் பெண்ணுக்கு அதுவரை வந்திருக்கமாட்டார். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

"அப்படி ஆள் யாரும் எங்ககிட்ட இல்லீங்க."

ரொம்ப சந்தோஷம்மா, நல்லா இரு என்று சின்னவள் போனை வைத்தாள். அக்கா ஏற்கெனவே வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நோட்டீஸ்களை நனைத்து உரித்தால்தான் சுவரில் பசை நிற்காமல் வரும் என்றாள்.